காலஸின் ஃபியொரில்லா, ரோம் 1950: விமர்சகர்கள் வியந்தது சரிதானா?

மேல்சட்ஜம்:

ஓப்பராப் பாடகி மரியா காலஸ் என்றதும் நோர்மா, மெடேயா, தோஸ்கா, வியொலெத்தா என்றுதான் பேச்சு தொடங்கும். அழுகிறவர்கள், சபிக்கிறவர்கள், கடைசி அங்கத்தில் சாகிறவர்கள். அவர் ஏற்ற நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு இங்கே ஒரு தனி இழை இதுவரை இல்லை. அந்தக் குறை தீரட்டும் என்று இதைத் தொடங்குகிறேன்.

1950 அக்டோபர் 19. ரோமின் எலிசேயோ அரங்கில் ரொஸ்ஸீனியின் ‘இல் துர்கோ இன் இத்தாலியா’ (‘இத்தாலியில் ஒரு துருக்கியன்’). இசை நடத்தியவர் ஜனாந்த்ரேயா கவட்ஸேனி. 1814இல் மிலானின் லா ஸ்காலாவில் முதன்முதலாக அரங்கேறி, பின்னால் பல பத்தாண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த ஓப்பரா இது. அதைத் தூசி தட்டி எடுத்தவர்கள் ‘அன்ஃபிபர்னாஸோ’ என்ற பெயரில் கூடிய ரோம் நகரத்துக் கலைஞர்களும் எழுத்தாளர்களும். இயக்குநர் லூகினோ விஸ்கோந்தியும் அந்த வட்டத்தில் இருந்தார். கதாநாயகி ஃபியொரில்லா வேடத்தில் 26 வயது காலஸ்.

அதுவரை இத்தாலியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை எவை என்று பாருங்கள். 1947இல் வெரோனாவில் ஜியொகொண்டா. பிறகு துராந்தோத், அயீடா, வாக்னரின் ப்ருன்ஹில்ட, நோர்மா. 1950 தொடக்கத்தில் அதே ரோமில் இஸோல்ட் பாடியிருந்தார். எல்லாமே பெரிய வாத்தியக்குழுவைத் தாண்டி ஒலிக்க வேண்டிய கனமான பாத்திரங்கள். அப்படிப்பட்டவர் கிழட்டுக் கணவனை ஏய்த்து ஊர்சுற்றும் ஒரு குறும்புக்காரியாக வந்து நின்றதும் விமர்சகர்கள் மகிழ்ந்துபோனார்கள். லண்டனின் ‘ஓப்பரா’ இதழில் வந்த விமர்சனம், அன்று மாலையின் ஆச்சரியமே காலஸ்தான், இத்தனை மெல்லிய பாத்திரத்தை இத்தனை இலகுவாகப் பாடுகிறவர்தான் துராந்தோத்தும் இஸோல்டும் பாடுகிறார் என்பதை நம்பவே கடினமாக இருக்கிறது என்ற பொருளில் பேசியது.

பாராட்டு உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாராட்டின் அடியில் ஓடுவது வியப்பு: சோகத்துக்குப் பிறந்தவளுக்குச் சிரிப்பும் வருகிறதே என்ற வியப்பு. வியப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது என் கட்சி. நோர்மாவைப் பாட எந்தப் பயிற்சி வேண்டுமோ அதேதான் ஃபியொரில்லாவுக்கும் வேண்டும். விமர்சகர்கள் அவரைப் புகழ்ந்தார்கள், ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடினார்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

புதுக்காது:

நான் ஓப்பராவுக்குப் புதுசு. கதை என்னன்னு யாராவது சொன்னா பேச்சைப் பின்தொடர வசதியா இருக்கும்.

அரங்கவாசி:

புதுக்காது, சுருக்கமாகச் சொல்கிறேன். நேப்பிள்ஸ் பக்கம் ஒரு கடற்கரை. ப்ரொஸ்தோச்சிமோ என்ற கவிஞர் தன் அடுத்த நாடகத்துக்குக் கதை கிடைக்காமல் திண்டாடுகிறார். கண்ணெதிரில் நடப்பதையே கதையாக்கிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்கிறார். ஜெரோனியோ வயதான கணவர். ஃபியொரில்லா அவருடைய இளம் மனைவி. ஒருவனையே நினைத்துக்கொண்டிருப்பதைப் போன்ற பைத்தியக்காரத்தனம் வேறில்லை என்று பாடிக்கொண்டேதான் மேடைக்கே வருகிறாள். நர்ச்சிஸோ என்றொருவன் ஏற்கெனவே அவள் பின்னால் அலைகிறான். அந்த நேரத்தில் செலீம் என்ற துருக்கிய இளவரசன் கப்பலில் வந்து இறங்குகிறான். அவனை முன்பு காதலித்த ஸைதாவும் அங்கேயே ஜிப்ஸிக் கூட்டத்தோடு இருக்கிறாள்.

இரண்டு பெண்களும் முதல் அங்க முடிவில் அடித்துக்கொள்ளும்போது எல்லோரும் விலக்கிவிட ஓடுகிறார்கள். கவிஞர் மட்டும், இப்படி ஒரு முடிவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று துள்ளுகிறார். பாத்திரங்களோடு கூடவே உலாவியபடி அவர்களை வைத்துக் கதை எழுதுகிற ஒரு பாத்திரம், 1814இல்! ரொஸ்ஸீனிக்கு அப்போது 22 வயது. கதையெழுதிய ஃபெலிச்சே ரொமானிதான் பிற்பாடு பெல்லீனிக்கு ‘நோர்மா’வையும் எழுதினார்.

மிலான் ரசிகர்களுக்கு அன்று இது பிடிக்கவில்லை. முந்தைய ஆண்டு வெனிஸில் வெற்றி பெற்ற ‘அல்ஜியர்ஸில் ஓர் இத்தாலியப் பெண்’ ஓப்பராவையே புரட்டிப்போட்டு நம் தலையில் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அது நியாயமே இல்லாத குற்றச்சாட்டு. இரண்டும் முற்றிலும் வேறு வேறு.

ரேடியோப்பெட்டி:

மேல்சட்ஜம் எடுத்த பொருள் அருமை. ஆனால் இரண்டு செய்திகளைச் சேர்க்காமல் மேலே போகக் கூடாது.

ஒன்று, காலஸ் நகைச்சுவை மேடையில் கால் வைத்தது 1950இல் அல்ல. ஏதென்ஸில் அவர் மாணவியாக இருந்த காலத்தில், 1941இல், ஸுப்பேயின் ‘பொக்காச்சியோ’ ஓப்பரெட்டாவில், அதாவது இலகுவான நகைச்சுவை ஓப்பராவில், பெயாத்ரீஸாகச் சிறு வேடம் ஏற்றார். கிரேக்கத் தேசிய ஓப்பராவில் அவருடைய முதல் மேடை அதுவே. 1945இல் அமெரிக்காவுக்குக் கிளம்புமுன் மில்லக்கரின் ‘பிச்சைக்கார மாணவன்’ ஓப்பரெட்டாவில் லாவுரா. ஆகவே 1950 என்பது ஓப்பரா பூஃபாவில், அதாவது இத்தாலிய நகைச்சுவை ஓப்பராவில், அவருடைய முதல் அடி. ரோம் விமர்சகர்களுக்கு ஏதென்ஸில் போர்க்காலத்தில் நடந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டு, எலிசேயோவில் பாடிய ஃபியொரில்லாவை நாம் கேட்க ஒலிப்பதிவு இல்லை. நம் கையில் இருப்பது 1954 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மிலானில் இஎம்ஐ நிறுவனம் பதிந்த இசைத்தட்டு. நடத்துநர் அதே கவட்ஸேனி. ஜெரோனியோவாக ஃப்ராங்கோ கலப்ரேஸே, கவிஞராக மரியானோ ஸ்தபிலே, இவர்கள் இருவரும் ரோமில் பாடியவர்கள். செலீம் மட்டும் மாறிவிட்டார்: ரோமில் செஸ்தோ புருஸ்காந்தீனி, இசைத்தட்டில் நிக்கோலா ரொஸ்ஸி-லெமெனி. நர்ச்சிஸோவும் செஸாரே வல்லெத்தியிலிருந்து நிக்கோலாய் கெட்டாவுக்குப் போய்விட்டது. நான்கு ஆண்டு இடைவெளி ஒரு பாடகரின் வாழ்வில் சின்ன விஷயமில்லை. 1954இல் கேட்பதை வைத்துக்கொண்டு 1950இன் விமர்சகர்களோடு வழக்காடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அதோடு அந்தப் பதிவில் வெட்டுகளும் ஏராளம்.

மேல்சட்ஜம்:

ஏதென்ஸ் விவரம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது, ரேடியோப்பெட்டி ஐயா. அவருக்குச் சிரிப்பு புதிது அல்ல, ரோமுக்குத்தான் புதிது.

நெய்தல்:

ஏதென்ஸ் வந்துவிட்ட பிறகு எல்வீரா டி ஹிடால்கோவைப் பேசாமல் இருக்க முடியுமா! காலஸின் குரு. ஸ்பெயின்காரர். மின்னல் வேகப் பிருகாக்களுக்குப் பெயர்போன சோப்ரானோ, அதாவது உச்சப் பெண்குரல். 1908இல், பதின்ம வயதிலேயே, நேப்பிள்ஸில் ‘செவில் நகரத்து நாவிதன்’ நாயகி ரொஸீனாவாக அரங்கேறியவர். 1910இல் நியூயார்க் மெட்ரோபொலிடனிலும் அதே ரொஸீனாதான். அதாவது ரொஸ்ஸீனியின் நகைச்சுவை நாயகிகளே அவருடைய சொத்து.

அவரிடம் வந்து சேர்ந்ததோ பருத்த, இருண்ட, அடக்க முடியாத ஒரு குரல். வேறு ஆசிரியர் என்றால் அதைக் கனமான பாத்திரங்கள் பக்கமே தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்றிருப்பார். டி ஹிடால்கோ அந்தக் குரலை ஸ்வர வரிசைகளிலும் ட்ரில்லிலும் பிருகாவிலும் போட்டுப் புடம் போட்டார். குரலை மெலிதாக வைத்துக்கொள், எடையைக் குறைத்துப் பாடு என்று பழக்கினார். அந்த அடித்தளம் இல்லாவிட்டால் 1949 ஜனவரி வெனிஸ் சாதனை நடந்தே இருக்காது. ப்ருன்ஹில்ட பாடிக்கொண்டிருந்தவர், மார்கரீட்டா கரோஸியோ நோயுற்றதால், நடத்துநர் செராஃபின் சொன்னார் என்று அதே மாதம் பெல்லீனியின் ‘இ பூரிதானி’யில் எல்வீரா பாடினார். கனமும் வேகமும் ஒரே தொண்டையில் இருக்க முடியும் என்பதை இத்தாலி அப்போதே பார்த்துவிட்டது. எனவே 1950இல் விமர்சகர்கள் குரலின் வேகத்தைக் கண்டு திகைத்திருந்தால் அது அவர்களுடைய மறதி.

ஆனால் அவர்கள் திகைத்தது குரலுக்காக மட்டும்தானா? பெரிய சோக நாயகி ஒருத்தி மேடையில் சிரிப்பு மூட்டியதற்காகவும் இருக்கலாம். அது வேறு கேள்வி. பிருகா குருவிடம் கற்கலாம். சிரிப்புக்கான நேரக்கணக்கு எங்கிருந்து வந்தது?

அரங்கவாசி:

நெய்தல் அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு மேல்சட்ஜம் பதில் வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை, ஏனென்றால் அவருடைய கட்சிக்கு எதிரே ஒரு பெரிய மலை நிற்கிறது. அதன் பெயர் 1956.

பிப்ரவரி 16, லா ஸ்காலா, ‘செவில் நகரத்து நாவிதன்’. நடத்துநர் கார்லோ மரியா ஜுலீனி. ஃபிகாரோ தித்தோ கொப்பி, அல்மவீவா லூயிஜி அல்வா, பஸீலியோ ரொஸ்ஸி-லெமெனி. இதைவிட நல்ல அணி அமையுமா? ரொஸீனாவாகக் காலஸ். குருவின் சொந்தப் பாத்திரம். விளைவு? அவருடைய லா ஸ்காலா வாழ்க்கையிலேயே மோசமான வரவேற்புகளில் ஒன்று. மிகையாக நடிக்கிறார், ஆட்டிப்படைக்கிறார், இது ரொஸீனாவா, ஆண்களை மயக்கி ஆட்டுவிக்கும் கார்மெனா என்று எழுதினார்கள். ஐந்து காட்சிகளுக்குப் பிறகு அந்தப் பாத்திரத்தை மேடையில் அவர் மறுபடி தொடவே இல்லை. ஜுலீனிக்கும் அது கசப்பான நினைவாகவே நின்றது.

நோர்மாவுக்கான பயிற்சியே நகைச்சுவைக்கும் போதும் என்றால், 1956இல் அந்தப் பயிற்சி எங்கே போனது? குரல் இருந்தது. உழைப்பு இருந்தது. சிரிப்பு இல்லை. எனவே 1950 விமர்சகர்களின் வியப்பு நியாயமானதே. அவர்கள் பார்த்தது அபூர்வமாக நிகழும் ஒன்று. அது மறுபடி மறுபடி நிகழக்கூடியது அல்ல என்பதை 1956 காட்டியது.

மேல்சட்ஜம்:

அரங்கவாசி, இதற்காகவே காத்திருந்தேன். நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், ஃபியொரில்லாவும் ரொஸீனாவும் ஒரே இனப் பாத்திரங்கள் அல்ல. ரொஸீனா பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பெண். அவளுடைய குறும்பு முழுவதும் ஒளிவுமறைவில் நடக்கிறது. பார்வையாளர் அவளை முதல் நொடியிலேயே நேசிக்க வேண்டும். ஃபியொரில்லாவை யாரும் நேசிக்க வேண்டியதில்லை. கணவர் வீட்டிலேயே துருக்கியனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கிறவள். அதிகாரம், கர்வம், பொய்க்கண்ணீர், கோபம் இவைதான் அவளுடைய ஆயுதங்கள். நோர்மாவும் மெடேயாவும் ஏந்துகிற அதே ஆயுதங்கள், சிரிப்புக்காகக் கூர் மாற்றியவை. காலஸின் குரலில் இயல்பாகவே ஒரு விளிம்பு உண்டு. ரொஸீனாவில் அது குத்தும். ஃபியொரில்லாவில் அதுதான் பாத்திரமே.

அடுத்து, நெய்தல் கேட்ட நேரக்கணக்கு. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு 1954 பதிவில் கேட்க வேண்டிய இடம் முதல் அங்கத்தில் வரும் கணவன் மனைவி வாக்குவாதம், ‘பெர் பியச்சேரே அல்லா சிக்னோரா’. ஜெரோனியோ இன்றைக்குக் கண்டிப்பாக இருந்தே தீருவது என்று தொடங்குகிறார். காலஸ் எதிர்க்கவே இல்லை. குரலைச் சுருக்கி, அடிபட்ட குழைவோடு, என்மேல் உங்களுக்கு அன்பே இல்லையே என்கிற பாவத்தில் ஒரு மெட்டைப் பாடுகிறார். பெல்லீனியின் சோக நாயகி ஒருத்தி பாடினால் எப்படி இழைப்பாரோ அத்தனை இழைப்பு. கேட்பவருக்கே மனம் இளகும். கிழவர் இளகிவிட்டார் என்று தெரிந்த கணமே குரல் நிறம் மாறி, உங்களைத் தண்டிக்க ஆயிரம் காதலர்களைச் சுற்றி நிறுத்துவேன் என்று பாய்கிறது. எழுத்துக்கள் ஒவ்வொன்றும் நறுக்கு நறுக்கென்று விழும். அந்த மாற்றம் சிரிப்பு மூட்டக் காரணம், முன்பாதி சோகம் நிஜமாக இருந்ததுதான். பாதி மனதோடு அழுதால் பின்பாதி எடுபடாது. சோகப் பாடகியின் முழுத் திறமையும் அங்கே நகைச்சுவைக்கு வேலை செய்கிறது. இதைத்தான் விமர்சகர்கள் பார்க்கத் தவறினார்கள் என்கிறேன். அவர்கள் கனமான பாத்திரங்களை ஒரு பக்கமும் ஃபியொரில்லாவை மறுபக்கமும் வைத்து, இவள் எப்படி அங்கிருந்து இங்கே தாவினாள் என்று கேட்டார்கள். தாவவே இல்லை.

ரேடியோப்பெட்டி:

இந்த விளக்கத்தை ஏற்கிறேன், 1954க்கு. அதோடு ஒரு தகவல், மேல்சட்ஜத்துக்கு உதவும். இந்த ஓப்பராவில் வரும் ரெசிடேடிவ் பகுதிகள், அதாவது ஹார்ப்ஸிகார்ட் மட்டும் துணைவரப் பேச்சுப் போலவே பாடும் இடங்கள், ரொஸ்ஸீனி எழுதியவை அல்ல. அவசரத்தில் உதவியாளர் ஒருவரிடம் விட்டுவிட்டார். இரண்டாம் அங்கத்தின் இறுதிப்பகுதியும் அப்படித்தான். எனவே அந்த இடங்களில் மெட்டு தானாகச் சிரிப்பு மூட்டாது. சொல்லை எப்போது விடுவது, எங்கே நிறுத்துவது, எதை விழுங்குவது, எல்லாம் பாடுகிறவர் பொறுப்பு.

செராஃபினிடம் காலஸ் கற்ற பெரிய பாடமே ரெசிடேடிவ்தான். தாளத்தை அறிய வேண்டுமானால் அந்த வரிகளை முதலில் உனக்கு நீயே பேசிப் பார் என்று அவர் சொல்லிக் கொடுத்ததைக் காலஸ் பின்னாளில் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நோர்மாவின் முதல் வரிகளில் கேட்கும் அதே கவனத்தை ஃபியொரில்லாவின் வம்புப் பேச்சிலும் கேட்கலாம்.

ஆனால் அரங்கவாசி சொல்லும் 1956ஐ ‘வேறு இனப் பாத்திரம்’ என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. மேடைச் சூழலும் இருக்கிறது. எலிசேயோ ஓப்பரா மாளிகை அல்ல, நாடகம் நடக்கும் அரங்கு. லா ஸ்காலாவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கண்ணசைவு கடைசி வரிசை வரை போகும். பக்கத்தில் நின்றவர்கள் யார்? ஸ்தபிலே அப்போது அறுபதைத் தாண்டியவர். 1921இல் நடத்துநர் தொஸ்கனீனியின் கீழ் வெர்டியின் நகைச்சுவை ஓப்பராவில் ஃபால்ஸ்டாஃபாகப் பாடியவர். சொல்லை வைத்தே சிரிக்க வைக்கும் கலையில் இத்தாலியில் அவருக்கு நிகர் இல்லை. புருஸ்காந்தீனி அந்தக் கலையின் அடுத்த தலைமுறை. மேடையில் இவர்களோடு நின்ற ஒரு கூர்மையான பாடகி எதையாவது கற்காமல் இருந்திருப்பாரா? 1956இலோ அது ஏற்கெனவே இருந்த தயாரிப்பு. அதில் காலஸைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அவருக்காக யாரும் ரொஸீனாவைப் புதிதாக யோசிக்கவில்லை.

அரங்கவாசி:

அப்படியானால் வெற்றி சூழலுடையது என்றாகிறது. நான் சொல்வதும் அதைத்தானே?

நெய்தல்:

சூழல் இல்லாமல் எந்த மேடை வெற்றியும் இல்லையே, அரங்கவாசி. நோர்மாவுக்கும் நல்ல நடத்துநர் வேண்டும்.

1955ஐ யாரும் தொடவில்லை. அது முக்கியம். ஏப்ரலில் லா ஸ்காலாவிலேயே ‘துர்கோ’. இயக்கமும் வடிவமைப்பும் ஃப்ராங்கோ ஸெஃபிரெல்லி. அதே வசந்தத்தில் மார்ச்சில் விஸ்கோந்தி இயக்கத்தில் பெர்ன்ஸ்டைன் நடத்திய ‘லா சொன்னாம்பூலா’, மே கடைசியில் விஸ்கோந்தியும் ஜுலீனியும் சேர்ந்த ‘லா திராவியாத்தா’. மூன்றே மாதத்தில் அமீனா, ஃபியொரில்லா, வியொலெத்தா! பெரிய அரங்கிலும் அவருடைய நகைச்சுவை நின்றது என்பதற்கு இது சான்று. எனவே எலிசேயோவின் சிறிய அளவு மட்டும் காரணமாகாது.

ஸெஃபிரெல்லி பிற்காலத்தில் ஒரு சம்பவம் சொன்னார். காலஸ் நேரில் அவ்வளவாக வேடிக்கைக்காரர் அல்ல என்பதால், ரொஸ்ஸி-லெமெனியின் துருக்கிய உடை முழுக்க நகைகளைத் தொங்கவிட்டாராம். ஃபியொரில்லா துருக்கியனைப் பார்த்தாலே கையை எடுத்து அந்த மோதிரங்களை ஆராய வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். காலஸ் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவருக்குச் ‘சிரிப்பு மூட்டு’ என்று சொன்னால் போதாது, அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். வேண்டியது நகையா, நகையை நோக்கி முழுத் தீவிரத்தோடு போவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. 1956இல் அந்த ‘என்ன வேண்டும்’ என்பதை அவருக்குத் தர யாரும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. எடை குறைந்து அழகியான பிறகுதான் காலஸுக்கு மேடையில் சுறுசுறுப்பு வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. 1953, 54இல்தான் அவர் உடல் இளைத்தார். ஃபியொரில்லாவுக்கான பாராட்டு வந்தது 1950இல். அதனால் அந்தப் பேச்சு இங்கே பொருந்தாது.

கடைசிவரிசை:

இளைத்ததைப் பற்றி அக்கா சொன்னதற்காகவே உள்ளே வந்தேன். மிகச் சரி. ஒரு பாடகியின் நகைச்சுவையைப் பேசும்போது உடலைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போகும் விமர்சனங்களைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

இதே கதை ஜோன் சதர்லண்டுக்கும் நடந்தது. 1959இல் லண்டனின் கோவன்ட் கார்டனில் டோனிசெட்டியின் சோக நாயகி லூச்சியாவைப் பாடி உலகப் புகழ் பெற்றவர். பைத்தியக்காட்சிகளின் அரசி. 1966 ஜூனில் அதே அரங்கில் டோனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’, பட்டாளத்தார் வளர்த்த மாரியாக. கணவர் ரிச்சர்ட் பானிங் நடத்தினார். டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல், அப்போது அவ்வளவாகத் தெரியவராத லூசியானோ பவரொட்டி. சதர்லண்ட் மத்தளம் அடித்துக்கொண்டு, சிப்பாய் நடை நடந்து, நெடிய உருவத்தை வேண்டுமென்றே தடுமாறவிட்டு, பார்ப்பவர்களை உருட்டிப் போட்டார். இவருக்குள் இப்படி ஒரு விளையாட்டுப் பெண்ணா என்று அங்கேயும் அதே வியப்பு. 1972 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதே தயாரிப்பு மேடையேறியபோது பவரொட்டி பாடிய ஒன்பது மேல் ‘சி’க்கள், டெனர் குரலின் உச்ச ஸ்வரங்கள், அவரை உலகப் புகழுக்குத் தூக்கிவிட்டன. அதனால் அன்று சதர்லண்ட் செய்தது கொஞ்சம் மறைந்துபோனது என்பது என் ஆதங்கம்.

மேல்சட்ஜம்:

சதர்லண்டின் மாரி எனக்கும் பிடிக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. அவருடைய சிரிப்பு அவருடைய சொந்த சுபாவத்திலிருந்து வருகிறது. நல்ல மனசுள்ள ஒரு பெண் மேடையில் ஆனந்தமாக இருக்கிறாள், நாமும் சேர்ந்துகொள்கிறோம். சொற்கள் தெளிவாக இல்லை. அவரிடம் எப்போதும் சொன்ன குறை அது. காலஸின் நகைச்சுவை நேர் எதிர். முழுக்கச் சொல்லில் இருக்கிறது. காட்சி இல்லாமல் வெறும் ஒலியாகக் கேட்டாலும் நிற்கிறது.

கடைசிவரிசை:

சொற்கள் தெளிவில்லை என்பதற்காக நகைச்சுவையில் ஒரு படி கீழே இறக்க வேண்டாம். இரண்டாம் அங்கத்தில் சங்கீத வகுப்புக் காட்சியைக் கேளுங்கள். பெரிய வீட்டுச் சீமாட்டியாக மாற்றுவதற்காகப் பழைய பாணிப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவளோ பட்டாளப் பாட்டுக்கு வழுக்கி வழுக்கிப் போகிறாள். சதர்லண்ட் அங்கே தன்னுடைய சொந்தப் பிருகாக்களையே கேலிக்கு எடுத்துக் கொடுக்கிறார். தன் பெருமைக்குரிய ஆயுதத்தையே விளையாட்டுப் பொருளாக்குவது சாமானிய தைரியமா?

ரேடியோப்பெட்டி:

‘படைப்பிரிவின் மகள்’ பற்றிப் பேசும்போது ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். அது 1840இல் பாரிஸின் ஓப்பரா-கொமீக்குக்காக எழுதியது. அங்கே ரெசிடேடிவ் கிடையாது, இடையில் வெறும் வசனம்தான். பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பாட்டுக்கும் மாறும் இடத்தில் பல பெரிய பாடகர்கள் தடுக்கி விழுவார்கள். இதில் பெயர் வாங்கியவர் நத்தாலி டெஸ்ஸே. நடிப்புக் கல்லூரிப் பயிற்சியோடு வந்தவர். 2007 ஜனவரியில் கோவன்ட் கார்டனில் லோரான் பெல்லி இயக்கிய தயாரிப்பு, எதிரே ஹுவான் டியேகோ ஃப்ளோரெஸ். மூட்டை மூட்டையாக உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டபடி, உருளைக்கிழங்கு உரித்தபடி, மூச்சு வாங்காமல் பிருகா பாடுவார். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2008இல் ஆலிவியர் விருதும் வந்தது. குரல்நாணில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் டெஸ்ஸேயைப் பார்த்து யாரும் ‘அட, இவருக்கு நகைச்சுவையும் வருமா’ என்று கேட்கவில்லை. ஒலிம்பியா, ஸெர்பினெட்டா போன்ற விளையாட்டுத்தனமான வேடங்களெல்லாம் முன்பே செய்தவர். அதனால் பாராட்டு நேராக வேலையின் நுணுக்கத்துக்குப் போனது: உடல் எப்படி இசையோடு ஒட்டுகிறது, வசனம் எங்கே பாட்டாகிறது என்று. விமர்சகனுக்கு வியப்பு குறையும்போது கண் கூர்மையாகிறது. இந்த ஒரு விஷயத்தில் மேல்சட்ஜம் பக்கம் நான் சாய்கிறேன்.

புதுக்காது:

மேல்சட்ஜம் சொன்ன அந்த வாக்குவாதப் பாட்டைக் கேட்டுட்டு வந்தேன். இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா அவங்க பொய்யா அழுறாங்கன்னு எனக்கே தெரிஞ்சுது, கிழவருக்கு மட்டும் தெரியலை. அதுக்கப்புறம் அந்தப் பாய்ச்சல்! அப்படியே துருக்கியனோட காப்பி குடிக்கிற காட்சியையும் கேட்டேன். எத்தனை பொண்ணுங்களைக் காதலிச்சிருக்கீங்கன்னு விசாரிச்சுட்டு, நீங்க துருக்கியர், உங்களை நம்பமாட்டேன், உங்களைச் சுத்தி நூறு பெண்டுகள், வாங்குறீங்க விக்கிறீங்கன்னு ஆரம்பிக்கிற நாலு பேர் பாட்டு. நம்பமாட்டேன்னு சொல்ற குரல்ல ஏற்கெனவே நம்பின சந்தோஷம் இருக்கு. இதை எப்படிச் செய்றாங்க?

அரங்கவாசி, ரொஸீனாவையும் கேட்கணுமா, வேண்டாமா?

அரங்கவாசி:

கண்டிப்பாகக் கேள். ஆனால் 1956 மேடைப்பதிவில் தொடங்காதே. 1957 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிந்த இசைத்தட்டு இருக்கிறது. நடத்துநர் அல்சேயோ கல்லியேரா, கொப்பியும் அல்வாவும் அதே வேடங்களில். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். ஓராண்டில் அந்த ரொஸீனா எவ்வளவு அடங்கி, எவ்வளவு சிரிக்கிறாள்! நான் அடக்கமானவள், சொன்னபடி கேட்பவள் என்று பட்டுப் போலப் பாடிவிட்டு, என்னைச் சீண்டினால் பாம்பாவேன் என்று திரும்பும் இடத்தில் ஒரே ஒரு சின்ன நிறுத்தம். மேடையில் கையால் காலால் செய்ய முயன்றதை அங்கே மூச்சால் செய்கிறார்.

என் கருத்து மாறவில்லை. மேடை நகைச்சுவை அவருக்கு எப்போதும் கைவந்தது அல்ல. ஒலிப்பதிவுக்கூடத்தில் வந்தது, நல்ல இயக்குநரோடு மேடையிலும் வந்தது.

நெய்தல்:

ஒரே ஒரு சேர்க்கை. 1971 அக்டோபரிலிருந்து 72 மார்ச் வரை நியூயார்க்கின் ஜூலியார்டில் காலஸ் இளம் பாடகர்களுக்கு வகுப்பெடுத்தபோது ரொஸீனாவின் அதே பாட்டையும் எடுத்துக்கொண்டார். மெடேயாவுக்குக் காட்டிய அதே கண்டிப்பு. தனக்குத் தோல்வி தந்த பாத்திரம் என்று ஒதுக்கி வைக்கவில்லை.

மேல்சட்ஜம்:

அரங்கவாசி, ‘நல்ல இயக்குநரோடு மேடையிலும் வந்தது’ என்பதை எழுத்தில் வாங்கிவிட்டேன், எனக்கு அது போதும். பாக்கி வழக்கு ஒன்று இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் கணவர் அவளுடைய உடைகளைத் திருப்பி அனுப்பி, வீட்டுக் கதவை அடைத்ததும், பிறந்த ஊரான சொரெண்டோவுக்கு எந்த முகத்தோடு போவேன் என்று ஃபியொரில்லா பாடுகிறாளே, ‘ஸ்குவல்லிதா வெஸ்தே’. அது நிஜமான சோகமா, சோகத்தின் நையாண்டியா? நிஜம் என்பேன் நான். ரொஸ்ஸீனி அங்கே ஒரு நோட்டுகூட விளையாட்டுக்கு எழுதவில்லை. அந்தப் பாட்டைப் பாடும் பலம் இல்லாத வெறும் விளையாட்டுக்காரியிடம் ஃபியொரில்லாவைக் கொடுத்தால் ஓப்பரா அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ரேடியோப்பெட்டி:

நையாண்டியும் கலந்திருக்கிறது என்பேன். அவளை வீட்டைவிட்டு வெளியே தள்ளும் யோசனையே கவிஞருடையது. அதாவது அவளுடைய சோகமும் அவருடைய நாடகத்துக்காக ஏற்பாடு செய்த ஒன்று. அவளுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அப்படியிருக்க முழு நிஜம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

மேல்சட்ஜம்:

அவளுக்குத் தெரியாது என்பதால்தான். பாடுகிறவள் அவள், கவிஞர் அல்ல. முழு இசையோடு, வெட்டில்லாமல் வந்த பதிவு ஒன்றை எடுத்து அந்தப் பாட்டை மட்டும் இன்று இரவு மறுபடி கேளுங்கள் ஐயா. நாளைக்குச் சண்டையைத் தொடரலாம்.